பின்பக்கம் பார்த்த அறை

ரூத் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் பையை இரண்டு விரலால் விரித்து உள்ளே பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "ஆன்சி, அப்பா டிக்கெட்டு எங்க?" என்று கேட்டாள்.

ஐஸ் பெட்டியின் பிளக்கு காலையிலிருந்து கழன்று கழன்று வந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு தீப்பெட்டியை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த ஆன்சிக்கு முதலில் விளங்கவில்லை.

"எந்த டிக்கெட்டும்மா?"

"கப்பல் டிக்கெட்டுதான். ரூம் நம்பரெல்லாம் போட்டுருக்கும்ல, அந்தத் தாளு. பையில வைக்கணும்."

சாவு விழுந்த துட்டி வீட்டில் யாராவது கப்பல் டிக்கெட்டைத் தேடுவார்களா என்று கேட்டால், ரூத் தேடுவாள். அவள் புருஷன் தாவீதுராஜ் முப்பத்தொரு வருஷம் அரசாங்க பஸ் ஓட்டியவர். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி, நரிக்குடியிலிருந்து திரும்ப அருப்புக்கோட்டை. சட்டைப் பையில் டூட்டிச் சீட்டு இல்லாமல் அந்த மனுஷன் வீட்டு வாசல்படியை விட்டு இறங்கியதில்லை. ரிட்டையர் ஆன பிறகும் பை காலியாக இருந்தால் கை அங்கேயே போய்ப் போய் வரும். அதனால் கறிக்கடைச் சீட்டையாவது மடித்து வைத்துக்கொள்வார். நேற்று சாயங்காலம் வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டவர், ரூத் செம்போடு வருவதற்குள் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதெல்லாம் சும்மா மனசு ஆறுவதற்குத்தான். அப்போதும் பையில் ஒரு மருந்துக்கடைச் சீட்டு இருந்தது.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"வெறும் பையோட அனுப்பச் சொல்றியா அவுகள? ஆலன் ஒரு மணிக்கு வந்துருவான். வந்ததும் அதுல என்ன போட்டுருக்குன்னு அவன வாசிக்கச் சொல்லணும். எனக்கு இங்கிலீஷு தெரியாது. கேட்டுட்டு வைக்கேன்."

ஆன்சி பிளக்கை மறுபடியும் அழுத்திச் செருகினாள்.

விஷயம் இதுதான். அப்பா அம்மாவின் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு, சென்னையில் ஏறி இலங்கைப் பக்கம் போய்த் திரும்பும் சுற்றுலாக் கப்பலில் ஐந்து நாள் அனுப்பிவைப்பது என்று ஆன்சியும் தம்பி ஆலனும் சேர்ந்து முடிவு செய்தார்கள். இன்னும் மூன்று வாரம் இருந்தது. தாவீதுராஜ் பிள்ளைகளிடம் எதுவும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. அந்தக் கப்பல் விஷயத்தில் மட்டும் ஒன்றே ஒன்று கேட்டார். போனில் யாரோ எடுத்த கப்பல் வீடியோவை நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தக் கடைசியில, பின்னாடி பாத்தாப்புல பால்கனி வச்ச ரூமு இருக்குல்ல, அது கெடைக்குமா?" என்றார்.

"எல்லாரும் முன்னாடி இல்ல சைடுலதான்ப்பா கேப்பாங்க."

"முன்னாடி பாத்ததெல்லாம் போதும்மா. முப்பத்தொரு வருசமா கண்ணாடிக்கு முன்னாடிதான பாத்துக்கெடந்தேன். பின்னாடி என்ன நடக்குதுன்னு கண்டக்டர் ஆண்டிச்சாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதுல பாரு, கப்பல் போன தடம் தண்ணியில வெள்ளையா எம்புட்டு தூரத்துக்குக் கெடக்கு. நம்ம வந்த வழிய ஒக்காந்து பாக்கணும்மா, ஒரு நாளாச்சும்."

ஆன்சி மதுரையில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ராஜகுருவிடம் கேட்டாள். பின்பக்க அறைகள் ஆடும், அதிரும், வயசானவர்களுக்கு நடுப்பகுதிதான் நல்லது என்றார் அவர். அம்மாவோ மதுரைக்குப் போய்விட்டு வருவதற்குள் காரியாபட்டியில் ஒரு வாந்தி எடுப்பவள். அப்பாவின் பஸ்ஸில் போனால்கூட டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடிதான் வருவாள். அப்பாவுக்கும் பிரஷர் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு எது நல்லது என்று தினம் தீர்மானிக்கிற டீச்சர் அல்லவா, ஆன்சி இவர்களுக்கும் தானே தீர்மானித்துவிட்டாள். எட்டாவது மாடி, நடுப்பகுதி, பக்கவாட்டுப் பால்கனி. அதை அப்பாவிடம் சொல்லியிருந்தால் ஒன்றும் இல்லை. போனை எடுத்ததுமே அவர், "பின்பக்கம் கெடச்சுருச்சாம்மா?" என்று கேட்ட கேள்வியில் இருந்த ஆசையைக் கேட்டு, "கெடச்சுருச்சுப்பா" என்று சொல்லிவிட்டாள். கப்பலில் ஏறின பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மடத்தனம்தான். ஆனால் அப்பா மூன்று வாரம்கூட இருக்கமாட்டார் என்று யார் கண்டது?

அன்று காலையிலிருந்து அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. கோயில் பெண்கள் சங்கத்தார் வந்தார்கள். கட்டிப்பிடித்து அழுதார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டே, "எம்மக பின்னாடி பாத்தாப்புல பால்கனி எடுத்துருக்கான்னு போன ஞாயித்துக்கெழமகூட எங்கிட்ட சொன்னாரேம்மா" என்றார்கள். பால்காரரும் அதையே சொன்னார். பக்கத்துத் தெருவில் தறி வைத்திருக்கும் சென்னய்யா வந்து மாலை போட்டுவிட்டு, "எம்மக எனக்குக் கடைசி சீட்டு புடிச்சுக் குடுத்துட்டான்னு சிரிச்சாரு" என்றார். மனுஷன் ஊர் முழுக்கத் தமுக்கு அடித்திருந்தார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் ஆன்சி தலையை ஆட்டினாள். ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது.

எல்லோரையும்விட ஆண்டிச்சாமிதான் கொன்றுவிட்டார். பதினேழு வருஷம் அப்பாவுக்குக் கண்டக்டராக இருந்தவர். வந்ததிலிருந்து உள்ளே வராமல் வாசல் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஆன்சி காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

"செவ்வாக்கெழம டெப்போ வாசல்ல பாத்தேன் பாப்பா. டீ குடிச்சோம். 'ஏலே ஆண்டி, நீ பதினேழு வருசமா பின்னாடி நின்னு பாத்தத நான் அஞ்சு நாளுல பாத்துட்டு வாரேன்'னாரு. எம்மக நான் கேட்டதையே எடுத்துக் குடுத்துருச்சுன்னாரு. நீ நல்லாருக்கணும் பாப்பா."

"காப்பிய குடிங்க சித்தப்பா, ஆறிப்போகும்" என்று மட்டும் அவளால் சொல்ல முடிந்தது.

இப்போது அம்மா அந்தத் தாளைக் கேட்கிறாள். ஆலன் வந்து இத்தனை பேருக்கு நடுவில் நின்று, நடுப்பகுதி, பக்கவாட்டு என்று வாசிக்கப்போகிறான். அப்பாவை ஏமாற்றித்தான் அனுப்பினாள் என்பது அவரைப் பெட்டியில் வைத்துக்கொண்டே அம்மாவுக்குத் தெரியப்போகிறது. ஆன்சி மணி பார்த்தாள். பதினொன்று பத்து.

போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். துவைகல்லில் உட்கார்ந்து ராஜகுருவைக் கூப்பிட்டாள். அவளுக்கே தான் செய்வது என்னவென்று புரியவில்லை. செத்துப்போன மனுஷனுக்கு அறை மாற்றுகிறாள்.

"சொல்லுங்க மேடம். நானே கூப்புடணும்னு இருந்தேன். இன்னிக்கு மூணு மணிக்கு லிஸ்ட்ட முடிச்சுருவாங்க" என்றார் ராஜகுரு.

"சார், அந்த ரூம மாத்தணும். பின்னாடி பாத்தமாதிரி பால்கனி உள்ளது வேணும்."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே மேடம், பெரியவங்களுக்கு அது..."

"பரவால்ல சார். இருக்கா இல்லையா?"

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "மூணு இருக்கு. மூலையில ஒண்ணு. பால்கனி பெருசு, ஆனா ஒரு பக்கம் செவுரு மறைக்கும். ஏழாவது மாடியில ஒண்ணு, அதுக்கு நேர் மேல ஹோட்டலு. விடிய விடிய சேர் இழுக்குற சத்தம் கேக்கும். எட்டுல, பின்பக்கத்துலயே நட்டநடுவுல ஒண்ணு. சின்ன பால்கனிதான்."

"எதுல ஒக்காந்தா கப்பல் போன தடம் நேராத் தெரியும்?"

"நடுவுல உள்ளதுலதான். ஆனா மேடம், இஞ்சின் அதிர்வு படுக்கை வரைக்கும் வரும். காத்து திரும்புனா பொகையும் வரும், கரி விழும். அப்பாவுக்கு ஒத்துக்குமா?"

"அவுகளுக்கு டீசல் பொகை பழக்கந்தான் சார். ஒண்ணும் செய்யாது."

உள்ளே பெண்கள் சங்கத்தார் ஒரு பாமாலையைத் தொடங்கினார்கள். ஒருத்தி சுதி சேராமல் தனியாக மேலே போனாள்.

"பாட்டுச் சத்தம் கேக்குது, வீட்டுல விசேஷமா மேடம்?"

"ஜெபக்கூட்டம் சார்" என்றாள் ஆன்சி. பொய் எவ்வளவு சுளுவாக வருகிறது என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. "எட்டாவது மாடி, நடுவுல. அதப் போட்டு உடனே டிக்கெட்ட அனுப்புங்க."

நாளைக்கு இதே ஆளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ரத்து செய்யச் சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்கு அந்தத் தாள் வேண்டும், அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் போனில் வந்துவிட்டது. அதைத் தாளில் எடுக்க வேண்டும். துட்டி வீட்டு மகள் வெளியே கிளம்பினால் சும்மா விடுவார்களா? வாசலிலேயே பெரியம்மா கையைப் பிடித்தாள். "எங்கடி போற, அப்பன இப்படிப் போட்டுட்டு?" ஆன்சி அவள் காதில், "எனக்கு மாச நாள் வந்துருச்சு பெரியம்மா, கடைக்குப் போகணும்" என்றாள். அன்றைக்கு இன்னொரு பொய். பெரியம்மா கையை விட்டுவிட்டாள்.

பிருந்தாவின் ஜெராக்ஸ் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. வெயில் தார் ரோட்டில் வெள்ளையாக விழுந்து கண்ணைக் கூசவைத்தது. பிருந்தா அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த இருபத்தைந்து வயசுப் பெண். பென்ஷன், கேஸ் மானியம் என்று தாவீதுராஜின் எல்லாக் காரியத்துக்கும் அவள் கம்ப்யூட்டர்தான்.

"ஒரு மணிக்கு மேல கடைய அடச்சுட்டு வரலாம்னு இருந்தேன்க்கா. நீங்களே வந்துருக்கீங்க."

"ஒரு பிரிண்டு எடுக்கணும் பிருந்தா." ஆன்சி போனை நீட்டினாள்.

பிருந்தா தாளை எடுத்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். முகம் மாறியது. "இது கப்பல் டிக்கெட்டுல்லக்கா? ரூமு மாத்திட்டீங்களா?"

ஆன்சி அவளையே பார்த்தாள்.

"இல்லக்கா, அப்பாவோட மெயில் எங்கிட்டதான இருக்கு. பத்து நாளைக்கு முன்னாடி மதுரையில இருந்து இந்தத் தாளு அதுக்கும் வந்துச்சு. அப்பா வந்து தெறந்து பாக்கச் சொன்னாக. கப்பல் படம் ஒண்ணும் கூட வந்துருந்துச்சு. 'எங்க ரூமு எங்கன்னு வெரல வச்சுக் காட்டு'ன்னாக. நானும் வெகுளியாக் காட்டிட்டேன். நடுவுல, சைடுல." பிருந்தா மிஷினின் மூடியைத் திறந்து மூடினாள். "இந்த ஸ்டூல்லதான் ஒக்காந்துருந்தாக. ரெம்ப நேரம் பாத்தாக. தப்பா காட்டுறியான்னு ஒரு தடவ கேட்டாக. இல்லப்பான்னேன்."

"அப்புறம்?"

"'எம்மக அவ அம்மா வாந்திக்குப் பயந்து போட்டுருக்கும். நான் கேட்டா மொகம் சுருங்கிப்போகும். நீ பாத்தத மறந்துரு'ன்னாக. பிரிண்டு எடுக்கவான்னு கேட்டதுக்கு வேணாம்னுட்டுப் போயிட்டாக."

பத்து நாள். ஆன்சி மனசுக்குள் நாட்களைப் பின்னோக்கி எண்ணினாள். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொன்னது இதற்குப் பிறகு. செவ்வாய்க்கிழமை டெப்போ வாசலில் ஆண்டிச்சாமியிடம் சொன்னது அதற்கும் பிறகு. எம்மக நான் கேட்டதையே எடுத்துக் குடுத்துருச்சு என்று, எல்லாம் தெரிந்துகொண்டே, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அவள் சொன்ன பொய்யை அவரும் சேர்ந்து தூக்கிச் சுமந்திருக்கிறார், ஊருக்கு முன்னால் மகள் முகம் சுருங்கக்கூடாது என்று.

மிஷின் தாளைத் துப்பியது. அது இன்னும் சூடாக இருந்தது. ஆன்சி அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். வீட்டில் நேற்றிலிருந்து அழுததெல்லாம் ஊரோடு சேர்ந்த அழுகை. இது அவள் அழுகை. பிருந்தா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்தாள்.

ஆலன் ஒன்றரைக்குப் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தான். பெட்டிமேல் விழுந்து அழுது முடித்து, சட்டையை மாற்றி, அப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்து, வெள்ளைச் சட்டையை மாட்டி, மரப்பெட்டிக்குள் வைத்த பிறகு ரூத் தாளை அவனிடம் கொடுத்தாள்.

"வாசி."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசித்தான். "தாவீதுராஜ், ரூத். எட்டாவது மாடி. பின்பக்கம். பால்கனி."

"பின்பக்கம்னு போட்டுருக்கா?"

"ஆமாம்மா. போட்டுருக்கு."

ரூத் தாளை வாங்கி நான்காக மடித்தாள். மடித்துக்கொண்டே ஆன்சியைப் பார்த்தாள். ஆன்சி, "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அப்புறம் சொல்லுவியாம்" என்று சொல்லிவிட்டு, ரூத் தாளைச் சட்டைப் பையில் வைத்து, அது வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் உள்ளே தள்ளி, பையை ஒரு முறை தட்டினாள்.

மூன்று மணிக்குக் கோயில் மணி அடித்தது. சவ வண்டி வந்தது. சந்து குறுகல், உள்ளே வந்தால் திரும்ப முடியாது. அதனால் மெயின் ரோட்டிலிருந்தே பின்னோக்கி வர வேண்டியிருந்தது. டிரைவர் சின்னப் பையன். சாக்கடை ஓரத்தில் டயர் இறங்கப் பார்த்தது. காலையிலிருந்து பந்தல் கம்பை விடாமல் நின்ற ஆண்டிச்சாமி அப்போதுதான் அசைந்தார். வண்டிக்குப் பின்னால் போய் நின்று கையைத் தூக்கினார். "வா... வா... ஒடி. லேசா ஒடி. வா... ஹோல்டேன்." பதினேழு வருஷத்துக் குரல். வண்டியின் பின்கதவு சரியாக வீட்டு வாசலுக்கு நேராக வந்து நின்றது.

ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். மூடியைக் கோயில் ஆராதனை முடிந்துதான் அடிப்பார்கள். முகம் தெரிந்தது. கால் பக்கம் முன்னால் வர, வாசல்படியைத் தாண்டி வண்டிக்கு அருகே கொண்டுவந்தார்கள். கால் பக்கத்தை உள்ளே செருகப்போனபோது ஆன்சி குறுக்கே வந்து கதவைப் பிடித்தாள்.

"திருப்பி வைங்க. தலைப்பக்கம் முதல்ல உள்ள போகட்டும்."

தூக்கியவர்கள் முழித்தார்கள். அப்பாவின் அண்ணன் ஞானசிகாமணி முன்னால் வந்தார். கோயில் காரியங்களில் முறை பிசகினால் பொறுக்காத மனுஷன். "என்னம்மா இது? கால்தான் முன்னாடி போகணும். தல முன்னாடி போனா வீட்டப் பாத்துக்கிட்டே போறதா ஆயிரும். போறவுக திரும்பிப் பாக்கக்கூடாது."

"பாக்கட்டும் பெரியப்பா."

"நாலு பேரு என்ன சொல்லுவாக? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"என்ன வேணாலும் சொல்லட்டும் பெரியப்பா. அப்பா வந்த வழியப் பாத்துக்கிட்டுத்தான் போகணும். அவுக எங்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான்." கதவை விடாமல் பிடித்துக்கொண்டாள். "நான் குடுக்கல."

பெட்டியைப் பிடித்திருந்தவர்கள் பாரம் தாங்காமல் கை மாற்றிக்கொண்டார்கள். ஆலன், "அக்கா, என்ன சொல்ற?" என்றான்.

ரூத் படியிறங்கி வந்தாள். மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாமா, அவ சொல்றமாதிரியே ஏத்துங்க" என்றாள் ஞானசிகாமணியிடம். "முன்னாடி பாத்ததெல்லாம் போதும் அவுகளுக்கு."

அந்த வார்த்தை ஆன்சிக்குச் சுருக்கென்று குத்தியது. அப்பா வீடியோ பார்த்த அன்று அம்மா அடுப்படியில் இருந்தாள். அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று இப்போது கேட்க முடியாது. ஞானசிகாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தள்ளிப்போனார். அந்தச் சந்துக்குள் பெட்டியைத் திருப்புவது லேசான வேலையாக இல்லை. ஆண்டிச்சாமி பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் முதுகைக் கொடுத்து நின்று, ஒவ்வொரு அடியாகச் சொல்லித் திருப்பவைத்தார். தலை டிரைவர் பக்கம் போனது. கால் கதவுப் பக்கம் வந்தது. தலையணைக்கு அடியில் ஆலன் ஒரு போர்வையை மடித்து வைத்து அப்பாவின் முகத்தைக் கொஞ்சம் உயர்த்தினான்.

"நீ ஆட்டோவுல வாம்மா. இதுக்குள்ள பின்னாடி பாத்து ஒக்காந்தா ஒனக்குக் கொமட்டும்" என்றாள் ஆன்சி.

ரூத் காதில் வாங்காமல் ஏறி, பெட்டிக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தாள். ஆன்சி எதிர்ப்பலகையில் உட்கார்ந்தாள். யாரோ கதவைச் சாத்தினார்கள். வண்டி நகரவில்லை. கிளப்பலாமா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு பையன் காத்திருந்தான். ஆண்டிச்சாமி வெளியே நின்று தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். "ரைட்" என்றார்.

வண்டி சந்தை விட்டு வெளியேறித் திருச்சுழி ரோட்டில் ஏறியது. டெப்போக்காரர்கள் கொண்டுவந்த பெரிய மலர் வளையம் பின்கண்ணாடியை மறைத்துக்கொண்டிருந்தது. ஆன்சி எட்டி அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் முப்பத்தொரு வருஷம் ஓட்டிய ரோடு கண்ணாடிக்குள் நீளமாக விரிந்து, அவரிடமிருந்து விலகிப் போய்க்கொண்டே இருந்தது.

ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியது. ஆன்சி அம்மாவைப் பார்த்தாள். ரூத் ஒரு கையைப் பெட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பின்னால் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் இன்னொரு கையில் எலுமிச்சம்பழம் இல்லை.